வேம்பஞ்சேரி வடிகாலும் ரத்தினபாயின் கையெழுத்தும்

புதிதாகக் கட்டிய சுவர் எதைக் கண்டாலும் ரத்தினபாய்க்குக் கை சும்மா இருக்காது. பையிலிருந்து சாவியை எடுத்து ஒரு சுரண்டு சுரண்டிப் பார்ப்பாள். சர்ச்சில் புதிதாக எழுப்பிய மதிலாக இருந்தாலும் சரி, உறவுக்காரரின் புதுவீட்டுப் பிரதிஷ்டை ஜெபமாக இருந்தாலும் சரி. உதிர்ந்த தூளை இரண்டு விரலால் தேய்த்துவிட்டு உதட்டை ஒரு பக்கமாகச் சுழிப்பாள். அவ்வளவுதான், வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டாள். அந்தச் சுழிப்புக்குப் பயந்தே அவள் கணவர் ஞானையா, வீடு கட்டிய சொந்தக்காரர்களின் விருந்துக்குத் தனியாகப் போய்விட்டு வருவார்.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் பட்டறைக்கும் ஒரு பெயின்ட் கொட்டகைக்கும் நடுவே இருந்த கான்கிரீட் சோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்த்தாள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கலவை போடும்போது அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, அரையடி சதுர இரும்பு அச்சில் கொட்டிக் கட்டியாக்குவார்கள். அதற்குப் பெயர் கியூப். அதை இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, இயந்திரத்தில் வைத்து நசுக்கினால், எத்தனை பாரத்துக்கு உடைகிறது என்று முள் காட்டும். அந்த எண்ணைப் படித்து எழுதி, கீழே கையெழுத்துப் போடுவது ரத்தினபாயின் வேலை. அவள் கையெழுத்தில்லாமல் அந்த வட்டாரத்தில் பாதி கான்ட்ராக்டர்களுக்குப் பில் பாஸாகாது.

அதனாலேயே அவளுக்குக் கான்ட்ராக்டர்கள் மேல் மரியாதை கிடையாது. யார் எதைக் கொண்டுவருகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வேலை நடக்கும் இடத்தில் எடுக்க வேண்டிய கியூபை, வீட்டுக் கொல்லையில் நல்ல சிமென்ட் போட்டுத் தனியாகச் செய்து கொண்டுவருவார்கள். அதில் கைதேர்ந்தவர் வேதாசலம். தாம்பரத்துக்குத் தெற்கே ஊராட்சி வேலைகளில் பாதி அவருடையதுதான். ஆட்டோவில் பதினெட்டு கியூப் வந்து இறங்கும். ஆறு பாலத்துக்கு, ஆறு அங்கன்வாடிக்கு, ஆறு வடிகாலுக்கு என்று பெயின்டில் வேலை எண் எழுதியிருக்கும். உடைத்தால் பதினெட்டும் ஒரே பாரத்தில் உடையும். உள்ளே ஒரே நிறம், ஒரே ஜல்லி.

"மூணு ஊர்லயும் ஒரே அம்மா பெத்த பிள்ளைங்க மாதிரி இருக்கே, வேதாசலம்" என்பாள் ரத்தினபாய்.

"நம்ம வேலை எங்க போனாலும் ஒரே தரம், மேடம்" என்பார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

அவள் உதட்டைச் சுழித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவாள். ஏனென்றால் அறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி அச்சாகியிருக்கும்: இந்த முடிவு சோதனைக்குக் கொண்டுவரப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். அந்த வரி இருக்கும்வரை தன் மேல் பழி வராது என்பது அவள் எண்ணம். பொய் எண் எதையும் அவள் எழுதியதில்லை. முள் காட்டியதைத்தான் எழுதினாள். இருபத்திரண்டு வருஷமும் இந்த ஒரு பெருமையோடுதான் வேலைக்குப் போய்வந்தாள்.

அவள் குடியிருந்தது தாம்பரத்துக்குக் கிழக்கே, வேம்பஞ்சேரி ஊராட்சியில். ஒரு காலத்து வயல்வெளி, பிறகு மனை, இப்போது நெருக்கமான வீடுகள். ஒவ்வொரு ஐப்பசியிலும் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஒரு வருஷம் கடைசியில் வடிகால் வந்தது. முந்நூற்று நாற்பது மீட்டர் நீளம், மேலே நடந்துபோக கான்கிரீட் மூடி. திறப்பு விழாவுக்கு ஷாமியானா போட்டார்கள். தெரு முனையில் கறுப்புக் கிரானைட்டில் பதினான்கு பெயர்களைப் பொறித்துக் கல் நட்டார்கள். ரத்தினபாய் அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டாள். மாலையில் திரும்பும்போது அந்தக் கல்லைத் தட்டிப் பார்த்து, "இது ஒண்ணுதான் இந்த வேலையில உருப்படி" என்றாள். வடிகாலைச் சுரண்டிப் பார்க்கவில்லை. மேலே அழகாகச் சிமென்ட் பால் பூசியிருந்தது, கையிலும் சுமை இருந்தது.

திறந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் புஷ்பலதா, தலையில் அன்னக்கூடையோடு அந்த மூடி மேல் நடந்து வந்தாள். ரத்தினபாய் வீட்டுக்கு மூன்று வீடு முன்னால் மூடி இரண்டாக உடைந்தது. வலது கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. சங்கராவும் வவ்வாலும் தெருவெங்கும் சிதறின. சத்தம் கேட்டு ஓடிவந்த ரத்தினபாயும் ஞானையாவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து அவளைத் தூக்கினார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது.

"எத்தினி வருசமா தலச்சொமையோட இதே தெருவுல வந்துகினு கீறேன். சேத்துல கூட நான் வுழுந்ததில்லக்கா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் புஷ்பலதா. "சிமிட்டில வுழுந்துட்டேன் பாரு."

ஆட்டோவில் அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு, ரத்தினபாய் உடைந்த இடத்துக்குத் திரும்பி வந்தாள். சாவிக்கு வேலையே இல்லை. விரலால் கிள்ளினாலே மூடி பொரிகடலை போல உதிர்ந்தது. கம்பி இருந்தது, ஆனால் அதைப் பிடித்துக்கொள்ள அதைச் சுற்றி எதுவும் இல்லை. எந்த முட்டாள் இதற்கு நல்ல ரிப்போர்ட் கொடுத்தான் என்று அவளுக்கு எரிச்சல் பொங்கியது. அந்த ரிப்போர்ட்டைக் கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் அன்று முழுக்க ஒரே கொந்தளிப்பு. உடைந்த மூடியின் படம் இருபது கோணத்தில் வந்தது. கோபமுகம் வந்தது, கைகூப்பிய படம் வந்தது, நாட்டைத் திருத்த ராணுவ ஆட்சிதான் சரி என்று ஒரு நீண்ட கட்டுரையும் வந்தது. "ஆகஸ்ட் பதினைந்து கிராம சபை. எல்லோரும் வாருங்கள், கேட்போம்" என்று ரத்தினபாய் எழுதினாள். முப்பத்தொன்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

கிராம சபைக்கு வந்தவர்கள் அவளையும் ஞானையாவையும் சேர்த்து ஆறு பேர். மீதிப் பேர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள் அல்லது வீட்டில் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தை நிரப்பியவர்கள் மகளிர் குழுப் பெண்களும் நூறு நாள் வேலைக்காரர்களும்தான். மேடையில் ஊராட்சித் தலைவி சாமுண்டீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். மைக் அவள் கணவர் கையில் இருந்தது. தலைவி பதவிக்கு வந்த நாளிலிருந்து மைக் அவர் கையில்தான் இருந்தது. பக்கத்து நாற்காலியில் ஒன்றிய ஓவர்சியர், அதற்கடுத்ததில் விருந்தாளி போல வேதாசலம்; வடிகாலைக் கட்டியவர் அவர்தான் என்று ரத்தினபாய்க்கு அப்போதுதான் தெரிந்தது.

ரத்தினபாய் எழுந்து, உடைந்த வடிகாலின் சோதனை அறிக்கை வேண்டும் என்று கேட்டாள். ஓவர்சியர் இதற்குத் தயாராகவே வந்திருந்தார். கோப்பைத் திறந்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"இருக்க வேண்டிய பலம் இருபது. இருக்கிற பலம் இருபத்தேழு புள்ளி மூணு. தேவைக்கு மேலயே இருக்கு. அங்கீகாரம் பெற்ற லேப். சந்தேகம்னா நீங்களே பாருங்க, மேடம்."

தாளை வாங்கிப் பார்த்தாள் ரத்தினபாய். வேலை எண் மட்டும் போட்டிருந்தது, ஊர்ப் பெயர் இல்லை. ஆறு கியூபும் ஒரு புள்ளி இரண்டு புள்ளி வித்தியாசத்தில் உடைந்திருந்தன. கீழே, சின்ன எழுத்து வரிக்கு மேலே, அவளுடைய கையெழுத்து.

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சு?" என்று ஞானையா கேட்டார். யாருக்கும் புரியாத கிறுக்கல் கையெழுத்து அது. அவள் வாயைத் திறக்காவிட்டால் அது யாருடையது என்று அங்கே வேதாசலத்தைத் தவிர ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. கூட்டம் அடுத்த பொருளுக்குப் போனது. கொசு மருந்து. அதற்கடுத்தது தெருநாய். தெருநாய்க்குக் கருத்தடை செய்வதைப் பற்றித் தலைவியின் கணவர் பத்து நிமிஷம் பேசினார். ரத்தினபாய் காதில் ஒன்றும் விழவில்லை. கண் முன்னே ஆட்டோவிலிருந்து இறங்கிய பதினெட்டு கியூப்கள். அன்றைக்குத் தான் சொன்ன கிண்டலும் ஞாபகம் வந்தது. கிண்டல் செய்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்றல்லவா இத்தனை வருஷம் இருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது, அவள் ஊரில் எல்லோர் மேலும் காட்டிவந்த இளக்காரம் அப்படியே அவள் மேல் திரும்பியது. வேதாசலமாவது சம்பாதித்தார். நாம் உதட்டைச் சுழித்ததைத் தவிர என்ன செய்தோம்.

மறுபடி எழுந்தாள்.

"முன்னாடி பேசின விஷயத்துக்குத் திரும்பணும்."

"அது முடிஞ்சு போச்சும்மா" என்றார் தலைவியின் கணவர்.

"முடியல. இந்த ரிப்போர்ட்ல இருக்கிற கையெழுத்து என்னுடையது. அந்த லேப்ல கியூப் உடைக்கிறது நான்தான்."

முதலில் சிரித்தவர் வேதாசலம்.

"அப்ப நீங்களே பாஸ் பண்ணிட்டீங்க, மேடம். அப்புறம் இன்னாத்துக்கு இந்தப் பேச்சு?"

"நான் பாஸ் பண்ணது நீங்க கொண்டாந்த கல்ல. இந்தக் கால்வாய இல்ல. அந்தக் கல்லு இந்தத் தெருவையே பார்த்தது கிடையாது. மூணு வேலைக்கு ஒரே கலவையில செஞ்சு கொண்டாந்தீங்க. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்."

"ஏம்மா, இப்படியா..." என்று ஞானையா அவள் முந்தானையை மெல்ல இழுத்தார். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"கல்லை விடுங்க. அந்தக் கால்வாயிலயே துளை போட்டு, உள்ளேயிருந்து துண்டு எடுத்துச் சோதிக்கட்டும். எங்க லேப்ல வேண்டாம். ஏதாவது இன்ஜினீயரிங் காலேஜ்ல பண்ணட்டும். அதைத் தீர்மானமா எழுதுங்க."

தலைவியின் கணவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். கிராம சபை சட்டப்படி அது முடியாது, ஒன்றியத்துக்கு எழுதிக் கேட்கலாம், ஒரு குழு போடலாம் என்று இழுத்தார். அப்போது சாமுண்டீஸ்வரி முதல்முறையாகப் பேசினாள். மைக் இல்லாததால் முன்வரிசைக்குத்தான் கேட்டது.

"வேலை முடிஞ்சிதுன்னு நானும் கையெழுத்துப் போட்டுக்கீறேனே. அது இன்னா ஆவும்?"

"என்னுது என்ன ஆகுமோ அதேதான் உங்களதும்" என்றாள் ரத்தினபாய்.

சாமுண்டீஸ்வரி கணவர் பக்கம் திரும்பினாள். "காட்டின எடத்துல போடுன்னு சொன்ன. போட்டேன். கேஸுன்னு வந்தா நீயா போவ, நான்தானே போவணும்" என்றாள். பிறகு ஊராட்சிச் செயலரைப் பார்த்து, "எழுதுங்க. அந்தம்மா சொன்னத அப்படியே எழுதுங்க" என்றாள்.

அது தைரியமா பயமா என்று ரத்தினபாய்க்குக் கடைசிவரை தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டது. மகளிர் குழுப் பெண்கள் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். வாட்ஸப் குழுவிலிருந்து வந்த ஆறு பேரில் ஒருவர், தான் அரசாங்க வேலையில் இருப்பதாகச் சொல்லி நழுவிவிட்டார்.

மறுநாள் சோதனைக்கூடத்தில் முதலாளி ஆல்வின் அவளுக்காகக் காத்திருந்தான். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன். அவன் அப்பா காலத்திலேயே அவள் வேலைக்குச் சேர்ந்தவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவான். குரலை உயர்த்தவில்லை. ஒரு ரிப்போர்ட்டை மேஜையில் வைத்து அடிவரியைத் தொட்டுக் காட்டினான்.

"அக்கா, இந்த வரி எதுக்கு இருக்கு? நம்ம தொழிலே இதுலதான நிக்குது. கொண்டாந்ததை உடைக்கிறோம், வந்ததை எழுதறோம். எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கறது நம்ம வேலை கிடையாது."

"அது நம்ம வேலை இல்லன்னா அப்புறம் நாம எதுக்கு, ஆல்வின்? கல்லை உடைக்கத்தான் மெஷின் இருக்கே."

"ஒரு லெட்டர் கொடுங்க போதும். கூட்டத்துல ஏதோ உணர்ச்சிவசப்பட்டுப் பேசிட்டேன்னு. நேத்திலிருந்து நாலு கான்ட்ராக்டர் போன் பண்ணிட்டாங்க. எட்டு பேர் குடும்பம் இதை நம்பி இருக்கு."

அந்த எட்டுக் குடும்பத்தில் தன்னுடையதும் ஒன்று என்பது அவளுக்குத் தெரியும். ஆல்வின் கெட்டவன் இல்லை என்பதும் தெரியும். எல்லோரும் கெட்டவர்களாக இருந்திருந்தால் வேலை சுலபமாக இருந்திருக்கும். அவள் வேறொரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்தாள். கடிதத்தில் இரண்டே வரி. ராஜினாமா.

அந்த வாரமே கோவளத்துக்குப் போய்ப் புஷ்பலதாவைப் பார்த்தாள். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. கால் மாவுக்கட்டோடு கட்டிலில் நீட்டியிருந்தது. கொண்டுபோன ஹார்லிக்ஸை வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னாள். கையெழுத்து தன்னுடையது என்றும் சொன்னாள். ராஜினாமாவையும் சொன்னாள். அதைச் சொன்னால் எதிராளி மனசு இளகும் என்று ஒரு சின்ன எதிர்பார்ப்பு அவளுக்கு இருந்திருக்க வேண்டும்.

புஷ்பலதா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நீயும் அந்த செட்டுதான்" என்றாள்.

ரத்தினபாய் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டில் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"நீ வேலைய வுட்டுட்ட. செரி. எனக்கு இன்னாக்கா அதால? நான் எந்த வேலைய வுட்டா கால் கூடும்? மீனு கெட்டுப்போச்சுன்னா ஒரு மோப்பத்துல சொல்வேன். கெட்ட மீன என்னிக்காச்சும் உன் தலைல கட்டிக்கீறேனா? கொண்டாந்து குடுத்தாங்க, வித்தேன்னு சொன்னா நீ வுடுவியா?"

"விட மாட்டேன்."

"அத்த நீ பண்ணிக்கீற" என்று சொல்லிவிட்டு, "டீ குடிக்கிறியா?" என்று கேட்டாள். ரத்தினபாய் டீ குடித்துவிட்டுத்தான் வந்தாள். பஸ்ஸில் கேளம்பாக்கம் வரும்வரை அழுதாள். அதற்குப் பிறகு உட்கார இடம் கிடைத்ததும் தூங்கிவிட்டாள்.

தீர்மானம் ஒன்றியத்துக்குப் போய், அங்கே இரண்டு மாதம் படுத்துக் கிடந்தது. ரத்தினபாய்க்கு இப்போது வேலை இல்லாததால் நேரம் நிறைய இருந்தது. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸ் மனுநீதி நாளுக்குப் போய் நின்றாள். தீர்மான எண்ணைச் சொன்னாள். அடுத்த திங்கள் மறுபடி சொன்னாள். கடைசியில் அவளைப் பார்க்கும் அலுப்பிலேயே உத்தரவு வந்தது என்று அலுவலகத்துப் பியூன் சொன்னார்.

ஒரு கல்லூரியிலிருந்து துளையிடும் இயந்திரத்தோடு வந்தார்கள். அன்றைக்கு வாட்ஸப் குழு முழுக்கத் தெருவில் இறங்கி வந்து செல்போனைத் தூக்கிப் பிடித்தது. ஐந்து இடத்தில் துளை போட்டார்கள். மூன்றில் துண்டு முழுசாக வந்தது. இரண்டில் துண்டாகவே வரவில்லை, மண்ணும் ஜல்லியுமாகக் கொட்டியது. வந்த மூன்றின் சராசரி பலம் எட்டு. மற்ற இரண்டுக்கும் நேராக, "சோதிக்க இயலவில்லை" என்று எழுதியிருந்தது. ரத்தினபாய் தன் வேலைக் காலம் முழுவதிலும் இதைவிட நேர்மையான வாக்கியத்தைப் படித்ததில்லை.

பெரிதாக நியாயம் ஒன்றும் கிடைத்துவிடவில்லை. மூடி அத்தனையையும், சுவரில் ரொம்ப மோசமான தொண்ணூறு மீட்டரையும் வேதாசலம் தன் செலவில் மாற்றிக் கட்ட வேண்டும் என்று முடிவானது. மீதிச் சுவர் பரவாயில்லை என்று யாரோ தீர்மானித்தார்கள். ஓவர்சியரை மாற்றினார்கள். மாற்றிய இடம் அவர் வீட்டுக்கு இன்னும் பக்கம். வேதாசலத்தின் பெயரில் கொஞ்ச காலம் டெண்டர் இல்லை. அவருடைய மனைவி பெயரில் புதிதாக ஒரு நிறுவனம் பக்கத்து ஊராட்சியில் சிமென்ட் ரோடு போட்டுக்கொண்டிருந்தது.

தெருக்காரர்கள் ரத்தினபாய்க்குப் பாராட்டு விழா எடுக்க வந்தார்கள். பொன்னாடை வாங்கியாகிவிட்டதாம்.

"அதை அந்த உடைஞ்ச மூடிக்குப் போர்த்துங்க" என்றாள். "மூணு வாரம் மூடி கட்டுறாங்க. தினம் ரெண்டு பேரா வந்து கலவை கிட்ட நிக்க முடியுமா?"

எல்லோருக்கும் ஆபீஸ் இருந்தது. மகளிர் குழுவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கு அச்சில் கலவை போடவும், கம்பியால் முப்பத்தைந்து குத்துக் குத்தவும், ஈரமாக இருக்கும்போதே தேதியைக் கீறி வைக்கவும் ரத்தினபாய் கற்றுக்கொடுத்தாள். எல்லோர் கண்முன்னாலும் எடுத்த கியூப்கள் ஊராட்சி அலுவலகத் தொட்டியில் ஊறின. தொட்டி இருந்த அறையின் சாவியைத் தலைவி சாமுண்டீஸ்வரி தன் இடுப்பில் செருகிக்கொண்டாள், கணவரிடம் கொடுக்கவில்லை. இருபத்தெட்டாம் நாள் உடைத்தபோது பலம் இருபத்திரண்டு வந்தது. "ஒண்ணும் அதிசயமில்ல, எழுதியிருந்த அளவுதான்" என்று ரத்தினபாய் அதற்கும் உதட்டைச் சுழித்தாள்.

மாசி மாதத்தில் புஷ்பலதா மறுபடி வியாபாரத்துக்கு வந்தாள். கால் கொஞ்சம் இழுக்கும். தெருத்தெருவாக நடக்காமல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உட்கார்ந்து விற்றாள். ரத்தினபாய் நடந்துபோய் வாங்கினாள். முன்பு எடை போட்ட பிறகு ஒரு மீனைக் கூடுதலாகப் போடும் பழக்கம் புஷ்பலதாவுக்கு இருந்தது. இப்போது போடவில்லை. ரத்தினபாய் கேட்கவுமில்லை.

பங்குனியில் கீழ்க்கட்டளைப் பக்கத்திலிருந்து ஒரு குடியிருப்போர் சங்கத்துத் தலைவர் போன் செய்தார். அவர்கள் தெருவில் ஒரு சிறுபாலம் கட்டுகிறார்களாம், சந்தேகமாக இருக்கிறதாம், மேடம் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டுமாம்.

"நீங்க பத்துப் பேர் வெயில்ல வந்து நின்னா வரேன்" என்றாள்.

"கண்டிப்பா, மேடம். எங்க அசோசியேஷன்ல நூத்தியிருபது மெம்பர்."

அவள் தாம்பரத்தில் பஸ் மாறி, அச்சு இரண்டைச் சாக்குப் பையில் தூக்கிக்கொண்டு போனாள். கலவை லாரி வந்து நின்றிருந்தது. நாலு பேர்தான் வந்திருந்தார்கள். அந்த நாலு பேரையும் நன்றாகத் திட்டிவிட்டு, ஒருவரை வாளியைப் பிடிக்கச் சொன்னாள்.